பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டேப்ரெக்கார்டரைக் கையில் எடுப்பவர் விவரம் தெரிந்தவரா இல்லையா என்பது, அவர் அதை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர் முகப்பைப் பார்ப்பார். வெள்ளிப் பளபளப்பு, வட்டமான ஸ்பீக்கர்கள், ஊசி ஆடும் மீட்டர், பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். பத்துப் பதினைந்து செட் பார்த்துக் கை பழகியவர் நேராகப் பின்பக்கத்தைத் திருப்புவார். பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். கரண்ட் ஒயர் செருகும் இடத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்பார். "ஜப்பான் செட் சார், ஓடும் சார்" என்று கடைக்காரர் சொல்வது அதற்கப்புறம்தான் அவர் காதில் விழும்.

இதே செட் 80களில் ஒரு வீட்டில் இருந்தபோது அதன் பின்பக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரை ஒட்டி, அலமாரியின் நடுத்தட்டில், பூ வேலை செய்த துணி உறைக்குள் இருக்கும். தெருவைப் பார்த்த முகப்புதான் அந்த வீட்டின் கௌரவம். இன்று சேகரிப்பவர்களும் பெரும்பாலும் அந்த முகப்புக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு செட் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது, எந்தக் கடல் தாண்டி வந்தது, யார் கையில் உழைத்தது என்பதெல்லாம் அதன் பின்பக்கத்திலும் வயிற்றுக்குள்ளும் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிவதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர் என்று நினைக்கிறேன்.

செட்டுகள் நம் ஊருக்குள் வந்த வழி முதலில். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடா நாடுகளில் கட்டடங்கள் எழுந்தன, ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன்பே பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போய்ப் பழகிய கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற சபராளிகளின் ஊர்களிலிருந்து மட்டுமில்லாமல், கடல் பார்க்காத ஊர்களிலிருந்தும் துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். திரும்பி வரும்போது சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், கனத்த போர்வை, இவற்றோடு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். அதிகமாக வந்தது நேஷனல் பானசோனிக். பிறகு சோனி, சான்யோ, ஷார்ப், ஹிடாச்சி. விமான நிலையச் சுங்கத்தில் அதற்கு என்ன கட்டினார் என்பது அந்தக் குடும்பத்தில் பல வருடம் பேசப்படும். வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் இருந்தது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கடற்கரைச் சாலையில் வைத்த கடைகள்தாம் பல தெருக்களுக்கு முதல் ஜப்பான் செட்டைக் கொடுத்தன.

அப்போது டூ-இன்-ஒன்னில் எதைக் கேட்டார்கள்? சினிமாப் பாட்டு என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். அது உண்மைதான். ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட டிடிகே கேசட்டில் பதிந்து, உள்அட்டையில் முத்து முத்தாகப் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் எழுதித் தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடாமல் நிமிடக் கணக்குப் போட்டு அடுக்குவதில் அவர்களுக்கு ஒரு தேர்ச்சி இருந்தது. ஆனால் பல வீடுகளில் அந்தச் செட்டின் முக்கியமான வேலை வேறு. குவைத்தில் இருக்கும் மகனுக்கு எழுதத் தெரியாத தாய் அதில் பேசி அனுப்பினாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கி, யார் யாருக்குக் கல்யாணம், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், தங்கைக்கு வரன் பார்த்தது என்று முப்பது நிமிடம். பின்னால் கோழி கத்தும், பேரன் அழுவான். ஊரிலிருந்து புறப்படும் அடுத்த ஆள் அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போவார். பதில் கேசட் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும்.

இப்படி ஒரு பயன் கிடைத்ததற்குக் காரணம் கேசட் என்ற வடிவத்தின் எளிமை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக, பெல்ஜியத்தில் ஹாசெல்ட் நகரத் தொழிற்சாலையில், லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு அதை உருவாக்கியது. கோட்டுப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக அவர் முதலில் ஒரு மரக்கட்டையை அந்த அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டார். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளியானது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இரண்டு வருடத்தில், சோனியின் நெருக்குதலுக்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் செய்துகொள்ளலாம் என்று பிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. ஜப்பான் கம்பெனிகள் இறங்கியது அந்த வாசல் வழியாகத்தான். ஸ்டீரியோவின் இரண்டு தடங்களையும் நாடாவில் அடுத்தடுத்து வைத்ததும் நல்ல யோசனை. ஒற்றை ஸ்பீக்கர் செட்டிலும் ஸ்டீரியோ கேசட் ஒன்றும் குறையாமல் பாடும். விலை உயர்ந்த செட்டில் பதிந்ததை ஏழை வீட்டுச் செட்டிலும் கேட்க முடிந்தது அதனால்தான்.

சரி, ஒரு செட்டை எப்படி அடையாளம் காண்பது? முதலில் ரேடியோ முள் ஓடும் கண்ணாடி. எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிந்தால் அது ஜப்பான் நாட்டுக்குள் விற்கச் செய்தது. மத்திய அலையும் எஃப்எம்மும் மட்டும் இருந்து, எஃப்எம் 88 முதல் 108 வரை இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா. நீண்ட அலை என்று ஒரு வரிசை கூடுதலாக இருந்தால் ஐரோப்பா, ஏனென்றால் அந்த அலைவரிசையில் வானொலி நடத்தியது முக்கியமாக அவர்கள்தான். மத்திய அலை, சிற்றலை ஒன்று, சிற்றலை இரண்டு, எஃப்எம் என்று நான்கு வரிசை இருந்தால் அது நம் பக்கத்து ஆள்: வளைகுடா, தெற்காசியா, ஆப்பிரிக்கா. சென்னையில் ஆகாசவாணி எஃப்எம் 1977இலேயே வந்துவிட்டாலும், 80களில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அந்த நான்காவது வரிசையில் இரைச்சல் மட்டும்தான் வரும். முள் எப்போதும் நின்றது சிற்றலையில். இலங்கை வானொலி, இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ். எந்த இடத்தில் எந்த நிலையம் சுத்தமாக எடுக்கும் என்று கண்ணாடி மேல் நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பார்கள். இப்போது வாங்குகிறவர்கள் அந்தப் புள்ளியை முதல் வேலையாகச் சுரண்டி எடுக்கிறார்கள். சுரண்டாதீர்கள். அந்த வீட்டில் யார் குரல் கேட்டது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அது.

அடுத்து வோல்ட். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட்டுக்கானது. அமெரிக்கச் செட் 120. வளைகுடாவுக்குப் போனவற்றில் பின்பக்கம் அல்லது அடிப்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும். காசு வைத்துத் திருப்பினால் 110, 127, 220, 240 என்று மாறும். அந்த ஒரு திருகைப் பார்த்தே செட் வந்த பாதையைச் சொல்லிவிடலாம். இன்று ஜப்பானிலிருந்து நேராக வரவழைத்த செட்டுகளும் இங்கே நிறையக் கைமாறுகின்றன. பார்க்கப் புதிதுபோல இருக்கும். நம் 230 வோல்ட்டில் செருகிய மாத்திரத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். தாண்டிப் பிழைத்தாலும் 76 முதல் 90 வரையுள்ள எஃப்எம்மில் சென்னையின் தனியார் நிலையம் ஒன்றுகூட எடுக்காது.

மாடல் எண்ணின் முன்னெழுத்துகள் இன்னொரு சாவி. நேஷனலில் 'ஆர்கியூ' என்று தொடங்குவது முக்கியமாகப் பழைய கேசட் ரெக்கார்டர் வரிசை, 'ஆர்எக்ஸ்' என்பது பின்னால் வந்த ரேடியோ கேசட் செட், 'ஆர்எஃப்' வெறும் ரேடியோ. சோனியில் 'சிஎஃப்' பழையது, 'சிஎஃப்எஸ்' அதன் ஸ்டீரியோ வாரிசு, 'டபிள்யூஎம்' வாக்மேன். ஷார்ப்புக்கு 'ஜிஎஃப்', ஜேவிசிக்கு 'ஆர்சி', ஹிடாச்சிக்கு 'டிஆர்கே', தோஷிபாவுக்கு 'ஆர்டி'. பெயர்ப்பட்டை உரிந்துபோன செட்டின் பேட்டரி மூடிக்குள் பெரும்பாலும் இந்த எண் ஒட்டியிருக்கும்.

வயதைச் சொல்ல வேறு தடயங்கள் உண்டு. நாடா வகை மாற்றும் விசையில் 'மெட்டல்' என்று இருந்தால் 1979க்கு முந்தியதாக இருக்க முடியாது, உலோகத் துகள் நாடா கடைக்கு வந்ததே அந்தச் சமயத்தில்தான். ஊசி மீட்டர் போய் விளக்கு வரிசை வந்தது, வெள்ளி நிறம் போய்க் கருப்பு வந்தது, ஒற்றை கேசட் போய் இரட்டை வந்தது, இதெல்லாம் 80களின் முதல் பாதிக்குள் நடந்தவை. 'மேட் இன் ஜப்பான்' மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1985க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி, ஜப்பானில் செய்தால் கட்டுப்படியாகாமல், அதே கம்பெனிகள் வேலையை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோயின. அப்போது நம் ஊரில் "மலேசியா செட்டா?" என்று உதடு பிதுக்கினார்கள். காலம் சொல்லும் தடயமாக எடுத்துக்கொண்டால் அந்த மலேசிய முத்திரைக்கு இருக்கும் பயன் ஜப்பான் முத்திரைக்கு இல்லை. இன்னும் நெருக்கமாகத் தேதி வேண்டும் என்றால் மூடியைத் திறக்க வேண்டும். பல ஐசிகளின் மேல் ஆண்டும் வாரமும் சேர்ந்த எண் அச்சாகியிருக்கும். 8112 என்றால் 1981ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். செட் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்கும்.

மூடியைத் திறப்பதிலும் ஒரு சூட்சுமம். ஜப்பான் செட்டின் கூட்டல் குறித் திருகு பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் திருகு மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜப்பானியத் தர அளவு. நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் வழுக்கும், பல் தேய்ந்துவிடும். திருகின் பல் தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட செட்டை ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நம் ஊரில் அலமாரியில் உறைக்குள் இருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் இந்தச் செட்டுகள் தெருவில் தோளில் நடந்தன. நியூயார்க்கின் பிராங்க்ஸ், ஹார்லெம், புரூக்ளின் தெருக்களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் தூக்கித் திரிந்த பூம்பாக்ஸ் இல்லாமல் ஹிப்-ஹாப் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. வானொலியில் இடம் கிடைக்காத இசையை அவர்கள் கேசட்டில் படியெடுத்து, தெருமுனையில் சத்தமாக வைத்தார்கள். 1985இல் வந்த ராப் பாடகர் எல்எல் கூல் ஜேயின் முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் முகம் இல்லை. ஜேவிசியின் ஆர்சி-எம்90 மட்டும்தான் இருக்கிறது. ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' படம் 1989இல் வந்தது. அதில் ரேடியோ ரஹீம் என்ற இளைஞன் தூக்கி வரும் செட் புரோமேக்ஸ் சூப்பர் ஜம்போ. அந்தச் செட்டை உடைப்பதில் தொடங்கும் தகராறு அவன் உயிரைக் குடித்துவிடுகிறது. அந்த அட்டையையும் இந்தப் படத்தையும் பார்த்து ஆசைப்பட்டவர்கள்தாம் இன்று அந்த மாடல்களின் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெரிய செட்டுகளில் பெயரை நம்பக் கூடாது. கோனியன் சி-100எஃப் என்று ஒன்று உண்டு. யாராவது அசைத்தால் அலறும் திருட்டு எச்சரிக்கை மணி வைத்தது. அதே செட் கிளேர்டோன் என்றும் ஹீலிக்ஸ் என்றும் வேறு பெயர்களில் விற்கப்பட்டது. எங்கோ ஒரு ஆலை செய்து தர, வாங்கும் கம்பெனி தன் பெயரை ஒட்டிக்கொள்ளும். ஆகவே பொத்தான்களின் வரிசை, ஸ்பீக்கர் சல்லடையின் துளை அமைப்பு, கேசட் கதவு திறக்கும் விதம், இவற்றை வைத்துத்தான் உண்மையான பிறப்பிடத்தைப் பிடிக்க முடியும். பெயர் தெரியாத செட் என்று இங்கே மலிவாகக் கிடைப்பவற்றில் இப்படிப்பட்டவை ஒளிந்திருக்கின்றன.

வாக்மேன் கதை தலைகீழ். எல்லோரும் பெரிதாக்கிக்கொண்டே போன நேரத்தில் சோனி சிறிதாக்கியது. நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா விமானத்தில் பாட்டுக் கேட்க டிசி-டி5 என்ற கனத்த ரெக்கார்டரைச் சுமந்து சலித்துப்போய், பதிவு வேண்டாம், கேட்டால் போதும் என்றார். நிருபர்களுக்காக இருந்த சிறு ரெக்கார்டரிலிருந்து பதியும் பகுதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ வைத்து, 1979 ஜூலை 1 அன்று டிபிஎஸ்-எல்2 என்ற முதல் வாக்மேனை வெளியிட்டார்கள். விலை 33,000 யென். இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள், பாட்டுக்கு நடுவே பேசிக்கொள்ள ஒரு ஆரஞ்சுப் பொத்தான். முதலில் வந்தவற்றில் அந்தத் துளைகளுக்கு 'கைஸ்', 'டால்ஸ்' என்று பெயர் பொறித்திருந்தது. பின்னால் அது வெறும் 'ஏ', 'பி' ஆனது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இந்தப் பொறிப்பைத்தான். அமெரிக்காவுக்கு ஆரம்பத்தில் போனவற்றின் பெயர் சவுண்டபவுட், இங்கிலாந்துக்குப் போனவை ஸ்டோஅவே. 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தின் நாயகன் இடுப்பில் இதே நீலப் பெட்டியோடு வந்த பிறகு, அதுவரை சேகரிப்பாளர்கள் மட்டும் அறிந்திருந்த டிபிஎஸ்-எல்2 உலகமே கேட்கும் பொருளாகிவிட்டது. என் மனசுக்கு நெருக்கமானது அதுவல்ல. 80களில் வந்த டபிள்யூஎம்-டிடி வரிசைதான். பெல்ட் இல்லாமலே மோட்டார் சுழல்சக்கரத்தை நேராகச் சுழற்றும். அதன் நடுப் பல்சக்கரம் காலப்போக்கில் விரிசல் விட்டு 'டிக் டிக்' என்று தட்டும், இருந்தும் அந்தச் சுழற்சியின் நிதானத்துக்கு ஈடாக இன்று ஒன்றும் புதிதாக வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தச் செட்டுகளுக்கு நேர்ந்தது எந்தச் சேகரிப்பு நூலிலும் போதிய இடம் பெறாதது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசின் தடைப் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. வீட்டில் செட் இருக்கிறது, உயிர் கொடுக்க வழி இல்லை. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தமிழோசை கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம், பேட்டரி தருவது நேர்மின்சாரம். அதனால் நடுவில் டயோடு வைத்துத் திருத்த வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்து இழுபடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் செத்த பேட்டரியை வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு பாட்டுக் கேட்ட சிக்கனமும் இதற்குத் தங்கை முறைதான், ஆனால் அங்கே அது ஐந்தாறு வருடம் நீடித்தது.

அப்படி உழைத்த ஒரு செட்டை நினைத்துப் பாருங்கள். பேட்டரி அறையின் வில் முனைகளில் ஒயர் பற்றவைத்திருக்கும். மூடியின் ஓரத்தில் ஒயர் வெளியே வர அரத்தால் ராவிய பள்ளம் இருக்கும். இன்றைய சேகரிப்புக் கணக்கில் அது 'கைவைத்த செட்', விலை பாதி, சிலர் உதிரிக்காக உடைத்துவிடுவார்கள். நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பெட்டியோடு உரிக்காத பிளாஸ்டிக் தாளோடு கிடைக்கும் செட் கடை அலமாரியின் கதையை மட்டும்தான் சொல்லும். ஒயர் பற்றவைத்த செட்டோ ஒரு தெருவே அதைச் சுற்றி உட்கார்ந்ததைச் சொல்கிறது. அதிக விலை கொடுக்க வேண்டுமென்றால் நான் அதற்குத்தான் கொடுப்பேன்.

பழுது பார்ப்பதிலும் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் பெரிய பள்ளம். அன்று கடைத்தெருவில் குறைந்தது ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஈயம் உருகும் வாசனை, மூடி திறந்து கிடக்கும் செட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய சீட்டு. சென்னை ரிச்சி தெருவில் பெல்ட், ஹெட், பிஞ்ச் ரோலர், மோட்டார் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். நேஷனல் செட்டில் சான்யோ ஹெட்டைப் பொருத்தி ஓட வைப்பார்கள். பாட்டு மங்கலாகக் கேட்டால் மெல்லிய திருப்புளியை ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள திருகில் வைத்து, காதைச் செட்டோடு ஒட்டி, சலங்கைச் சத்தம் தெளியும்வரை இம்மி இம்மியாகத் திருப்புவார்கள். நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்தக் கோணம் சற்றே பிசகினாலும் உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் போகும். கருவி எதுவும் இல்லாமல் காதால் மட்டும் இதைச் சரிசெய்த மெக்கானிக்குகள் ஊர் ஊருக்கு இருந்தார்கள்.

இன்று அந்தக் கடைகள் கைப்பேசிக் கடைகளாகிவிட்டன. பெல்ட் என்ற ரப்பர் முப்பது நாற்பது வருடத்தில் உருகித் தாராகிவிடுகிறது. கப்பியில் ஒட்டி, விரலில் ஒட்டி, துணியில் ஒட்டி, விடவே விடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்துக்கொண்டு பொறுமையாக எடுப்பதைத் தவிர வழி இல்லை. கடைசித் துளி வரை எடுக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும். நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் கண்ணாடிபோல வழவழத்திருந்தால் நாடாவைத் தின்னும். இதையெல்லாம் செய்ய ஆள் தேடுவதைவிடக் கற்றுக்கொள்வது சுலபம் என்ற நிலைக்குச் சேகரிப்பவர்கள் வந்துவிட்டார்கள், அது ஒரு வகையில் நல்லது.

புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சோனி 2010இல் ஜப்பானில் கேசட் வாக்மேனை நிறுத்திவிட்டது. இப்போது கடையில் கிடைக்கும் மலிவான கேசட் பிளேயர்கள் அநேகமாக எல்லாவற்றின் உள்ளும் இருப்பது ஒரே இயந்திரம். ஜப்பானின் தனாஷின் நிறுவனம் ஒரு காலத்தில் மலிவுச் செட்டுகளுக்காக வடிவமைத்ததன் நகல். சுழல்சக்கரம் லேசானது, அதனால் வேகம் ஆடும், வீணையோ நாகஸ்வரமோ நீட்டிப் பிடிக்கும் சுரம் நடுங்கும். சீனாவின் ஃபியோ 2024இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிபி13 போன்றவை கனமான சுழல்சக்கரம் வைத்து அதைக் கொஞ்சம் மேம்படுத்தியிருக்கின்றன, முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். டால்பி இரைச்சல் நீக்கியோ அவற்றில் இல்லை. 80களின் நடுத்தரமான ஒரு டூ-இன்-ஒன், பெல்ட் மாற்றி ஹெட் துடைத்தால், இன்றைய புதிதை நிதானத்தில் எளிதாக மிஞ்சும்.

ஆகவே பழையதுதான் காக்கப்பட வேண்டும். காக்கிறேன் என்று சொல்லிச் செய்யும் சில காரியங்கள்தாம் என்னை வருத்துகின்றன. கல்யாண மண்டபத்துக்குக் கடன் கொடுத்தபோது அடையாளத்துக்குச் செட்டின் அடியில் பெயிண்டால் எழுதிய வீட்டுப் பெயரைத் தேய்த்து அழிக்கிறார்கள். தைத்த துணி உறையைக் குப்பையில் போடுகிறார்கள். ஒரு செட்டைத் தேற்ற மூன்று செட்டை உடைத்து, உடைத்தவை எங்கிருந்து வந்தன என்று எழுதிக்கூட வைப்பதில்லை. வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: யார் வீட்டுச் செட், யார் கொண்டுவந்தது. வீடு காலி செய்யும்போது பழைய காகிதங்களுக்கு நடுவே வானொலி உரிமப் புத்தகம் அகப்படும். 80களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதில் விழுந்த அஞ்சலக முத்திரை அந்த வீட்டுக்குள் ரேடியோ எந்த வருடம் வந்தது, எந்த ஊர் என்பதைச் சொல்லிவிடும். செட்டோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்குங்கள். கிடைத்த விவரத்தைச் சீட்டில் எழுதிப் பேட்டரி அறைக்குள் ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று. சந்தையில் வரும் செட்டுகளில் பலவற்றுக்குள் கேசட் ஒன்று இருக்கும், கதவு திறக்காததால் வீட்டுக்காரர்கள் அப்படியே எடைக்குப் போட்டிருப்பார்கள். மேலே எழுதியிருப்பது சினிமாப் பாட்டாக இருந்தாலும் உள்ளே அதுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டுக் கேசட்டின் மேலேயே பேசிப் பதிந்து குவைத்துக்கு அனுப்பியவர்கள் ஏராளம். அந்தச் செட்டிலேயே போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், தாராகிப்போன பெல்ட்டும் வழவழத்த ரோலரும் நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும். மூடியைக் கழற்றிக் கேசட்டைக் கையால் விடுவியுங்கள். மேல்விளிம்பின் இரண்டு ஓரத்திலும் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், அதற்கப்புறம் கை தவறிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் எதுவும் அழியாது. நன்றாக ஓடும் வேறொரு செட்டில் போட்டு, முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை கேளுங்கள். குரல் இருந்தால், செட்டை விற்ற கடைக்காரரிடம் திரும்பிப் போய் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.